உரிகத்து மண்ணும் ஒரு பதிலும்

சரியான பதில் சொன்னா உடனே சபாஷ் கிடைக்கும்னு நினைக்கிறவங்க எங்க ஊர் கோலார் தங்கவயல் கதையைக் கேக்கணும்.

1802. திப்பு வீழ்ந்து மூணு வருஷம். மைசூர் எல்லையை அளக்க வந்த ஆங்கிலப் படை லெப்டினன்ட் ஜான் வாரன், இங்கே தங்கம் இருக்குன்னு ஊர்ப்பேச்சைக் கேட்டு, காட்டுறவங்களுக்குப் பரிசுன்னு அறிவிச்சார். உரிகம் ஜனங்க வண்டியில மண்ணை ஏத்திட்டு வந்து, அவர் கண் முன்னாலயே கழுவிக் காட்டினாங்க. அடியில மின்னிச்சு! அவர் எழுதின அறிக்கை 1804ல வெளிவந்தது.

அப்புறம்? 1860 வரைக்கும் வந்து பார்த்தவங்க எல்லாம் ஒண்ணும் தேறலைன்னு கையை விரிச்சாங்க. பதில் என்னவோ சரிதான். தங்கம் ஆழத்துல, குவார்ட்ஸ் பாறைக்குள்ள இருந்துச்சு. மேல்மண்ணைக் கழுவினா கூலிக்குக் கூடத் தேறாது. அவங்களைத் திட்ட எனக்கு மனசு வரலை. நானும் பேங்க்காரன்; நல்ல யோசனையோட கடன் கேட்டு வந்தவங்க ஃபைலை ரெண்டு பக்கம் புரட்டிட்டு ‘கட்டுப்படியாகாது’ன்னு எழுதினவன்தானே :-(

1871ல லவெல்னு ஓய்வு பெற்ற ஐரிஷ் சிப்பாய் ஒருத்தர் அந்தப் பழைய அறிக்கையைப் படிச்சிட்டு, பெங்களூர்லேர்ந்து மாட்டு வண்டியில கிளம்பி வந்தார். 1875ல உரிமம் வாங்கினார். தோண்டத்தான் காசு பத்தலை. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி வந்தப்புறம் கதையே வேற. சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கும் கீழே போச்சு. 2001ல மூடுறதுக்குள்ள சுமார் 800 டன் தங்கம்.

வட ஆற்காட்டுலேர்ந்து பிழைக்க வந்த எங்க தாத்தா இறங்கினதும் அதே உரிகம் சுரங்கத்துலதான்.