வழி கேட்பவரா, வழி சொல்பவரா? குமரி மாவட்டத்தில் ஒரு ஆங்கிலப் பாடத்தின் இடப்பொருத்தம்

ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி நூல் எதை எடுத்தாலும் வழி விசாரித்தல் என்றொரு பாடம் இருக்கும். தெருக்கள் கட்டங்கட்டமாக வெட்டிக்கொள்ளும் ஒரு நகர வரைபடம். அதில் வங்கி, அஞ்சலகம், பூங்கா, மருத்துவமனை. மாணவர் அந்த நகருக்குப் புதியவர். அஞ்சலகம் எங்கே என்று கேட்கிறார். நேரே போய் இரண்டாவது தெருவில் இடப்பக்கம் திரும்பச் சொல்கிறார்கள். நன்றி சொல்லி நடக்கிறார். கன்னியாகுமரி மாவட்டத்து வகுப்பறைக்கு இந்தப் பாடம் வரும்போது அதன் பாத்திரப் பங்கீடே பிசகிவிடுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இங்கே மாணவர் புதியவர் இல்லை, ஊர்க்காரர். ஆங்கிலத்தில் வழி கேட்கும் தேவை அவருக்கு எப்போதாவது வரும். சொல்லும் தேவை எந்த நாளும் வரலாம்.

கேட்பவர்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 2011 முதல் ஓடும் விவேக் எக்ஸ்பிரஸ் அசாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து கன்னியாகுமரியில் வந்து நிற்கிறது. ஸ்ரீநகரில் தொடங்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இங்கே முடிகிறது. மும்பைக்கு அருகிலுள்ள பன்வேலிலிருந்து மேற்குக் கரையோரமாக வரும் 66ஆம் எண் சாலையும் இங்கேதான் முடிகிறது. 1970இல் விவேகானந்தர் பாறை நினைவாலயமும், 2000ஆம் ஆண்டுப் பிறப்பன்று 133 அடித் திருவள்ளுவர் சிலையும், 2024 டிசம்பர் இறுதியில் இரண்டையும் இணைக்கும் கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டன. வருபவர்களில் பலர் வங்காளமோ மராத்தியோ இந்தியோ பேசுபவர்கள். ஊர்க்காரரும் அவர்களும் சந்திக்கும் மொழி பெரும்பாலும் இருவருக்குமே அரைகுறையான ஆங்கிலம். பாடநூல் உரையாடலில் வரும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த நிதானமான நகரவாசிக்கு இங்கே இடமில்லை.

பாடத்தின் பிறப்பிடத்தைப் பார்த்தால் பிசகின் காரணம் தெரியும். ஐரோப்பிய மன்றத்துக்காக வான் எக் 1975இல் வெளியிட்ட தொடக்கநிலைப் பாடத்திட்டம், எல்லை தாண்டிப் பயணம் செய்யும், வயதுவந்த ஐரோப்பியரை மனத்தில் கொண்டது. அவர்களுக்கு முதலில் வேண்டியது வழி கேட்கத் தெரிவதுதான். அதே மன்றம் 2001இல் வெளியிட்ட, மொழிகளுக்கான பொது ஐரோப்பியச் சட்டகத்தின் ஏ2 நிலைத் திறன்களில், வரைபடத்தைச் சுட்டி வழி கேட்பதும் சொல்வதும் இடம்பெற்றன. அவர்கள் தேவைக்கு அது நியாயமான திட்டம். நாம் திட்டத்தை எடுத்துக்கொண்டோம், தேவையை விட்டுவிட்டோம். நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் யாரும் வரைபடத்தை விரித்து வழி சொல்வதில்லை.

இனி மொழிக்கு வருவோம். 1990களில் எரிக் பெடர்சன் தமிழகத்தில் செய்த கள ஆய்வு நம் ஆங்கில ஆசிரியர்கள் கண்ணில் அதிகம் படவில்லை. ஸ்டீபன் லெவின்சன் குழு பல மொழிகளில் நடத்திய ஒப்பாய்வில் தமிழும் ஒன்று. முடிவுகள் 1998இல் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் வெளியாயின. ஒரு பொருளின் இடத்தைச் சொல்ல மொழிகள் மூன்று சட்டகங்களைப் பயன்படுத்துகின்றன: பொருளின் முன்பின்னைக் கொண்டு சொல்வது, பார்ப்பவரின் இடவலம் கொண்டு சொல்வது, நிலையான திசை கொண்டு சொல்வது. மேசைமேல் வரிசையாக வைத்த பொம்மை விலங்குகளைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கம் திரும்பி இன்னொரு மேசையில் அதேபோல் வைக்கச் சொன்னால், சிலர் தம் இடவலம் மாறாமல் வைப்பார்கள். சிலர் கிழக்கு நோக்கியது கிழக்கே நோக்கும்படி வைப்பார்கள். தமிழரில் நகரத்தார் இடவலத்தையும் ஊரகத்தார் திசையையும் சார்ந்து பேசும் போக்கைப் பெடர்சன் கண்டார். இது மொழியின் விளைவா சூழலின் விளைவா என்று லீயும் கிளைட்மனும் 2002இல் எழுப்பிய எதிர்வாதம் இன்னும் ஓயவில்லை. ஆசிரியருக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. மாணவர் எந்தச் சட்டகத்தோடு வகுப்புக்குள் வருகிறார் என்று தெரிந்தால் போதும்.

இம்மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டு மாணவர் திசையோடு வருகிறார். ‘தெக்காம போயி கெழக்காம திரும்புங்க’ என்பது இங்கே அன்றாடப் பேச்சு. பந்தியில் உட்கார்ந்தவரை ‘இத்திரி வடக்க தள்ளி இரியும்’ என்பார்கள். நிலப் பத்திரத்தின் நான்கு மாலும், அதாவது எல்லைகளும், திசையால் எழுதப்படுபவை. சுசீந்திரத்தின் ரத வீதிகள் திசையால் பெயர் பெற்றவை. வடசேரி தன் பெயரிலேயே திசையைச் சுமக்கிறது. இடவலமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ‘சோத்தாங்கைப் பக்கம்’ என்பதும் உண்டு, ஆட்டோக்காரரிடம் சொல்லும் ‘லெஃப்டு’ம் உண்டு. முதல் வரிசையில் நிற்பது எது என்பதுதான் கேள்வி.

ஒரே மாவட்டம் ஒரே மாதிரி வழி சொல்வதில்லை என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகளில் வயல்களுக்கு நடுவே வீடுகள் நெருங்கிய ஊர்கள். கோயிலைச் சுற்றித் தெரு, தெருவுக்குத் திசைப்பெயர். கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் ஊர் என்று தனித்துத் தெரியும் கூட்டம் குறைவு. தோப்புகளுக்குள் தனித்தனி வீடுகள், செம்மண் மேடு பள்ளம், வளைந்து போகும் பாதை. அங்கே திசையைவிட ஏற்றமும் இறக்கமும் முக்கியம்: ‘அந்த ஏத்தம் ஏறி, எறக்கத்தில ஒரு குருசடி, அதுக்கு எதிர்த்த முடுக்கு’. பெடர்சன் கண்ட நகர–ஊரக வேறுபாடு குமரியில் குடியிருப்பின் அமைப்பை ஒட்டியும் பிரிகிறது என்பது என் கணிப்பு. தனியே கள ஆய்வு செய்யத் தக்க கேள்வி இது. ஆங்கிலப் பாடத்துக்கு அதன் விளைவு நேரடியானது. மார்த்தாண்டத்தை அடுத்த பள்ளியில் சரிவு, மேடு, வளைவு ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் முதல் நாளே வேண்டும்; பூதப்பாண்டியில் அவை பிறகு வரலாம்.

‘இரண்டாவது தெரு’ என்ற கணக்கு இரு பகுதிகளிலும் உதவாது. எது தெரு, எது முடுக்கு, எது வீட்டு நடை என்று புதியவரால் பிரித்து எண்ண முடியாது. கெவின் லிஞ்ச் 1960இல் பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களை ஆராய்ந்து, மனிதர் மனத்தில் ஊர் ஐந்து கூறுகளாகப் பதிகிறது என்றார்: பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம். நாகர்கோவில்காரர் மனத்தில் சந்திப்புகளே ஆட்சி செய்கின்றன. மணிமேடை, வேப்பமூடு, செட்டிகுளம், கலெக்டர் ஆபீஸ் ஜங்ஷன். இவற்றை இணைக்கும் சாலைகளின் பெயர் கேட்டால் உள்ளூர்க்காரரே யோசிப்பார். ஊர்ப்புறத்தில் விளிம்பின் வேலையைச் சானல்கரை, அதாவது வாய்க்கால்கரை, செய்கிறது. கரையை விடாமல் போனால் வழி தவறாது என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். பாடத்தின் சொற்பட்டியல் இந்த ஊர்மனத்திலிருந்து எழ வேண்டும். பூங்காவையும் அருங்காட்சியகத்தையும் அதில் நட்டுவைப்பதில் பயனில்லை.

ஆனால் திசையை அப்படியே ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னால், ரயிலிலிருந்து இப்போதுதான் இறங்கியவருக்கு அது விளங்காது. வடக்கு எது என்று அவருக்குத் தெரியாது. உண்மையான கற்றல் சுமை இங்கேதான் இருக்கிறது. இடம், வலம் என்ற இரண்டு சொற்களை ஒரு காலை வேளையில் கற்றுவிடலாம். எதிரே நிற்பவரின் உடலுக்குள் தன்னை வைத்து, அவர் நடந்து போகும்போது எந்தக் கை எந்தப் பக்கம் வரும் என்று கணக்கிட்டுச் சொல்வது வேறு திறன். மாணவர்களை எதிரெதிரே நிறுத்தி, சொல்பவர் திரும்பாமல் கேட்பவரை மட்டும் நடக்கவைக்கும் பயிற்சி இதற்கு வேண்டும். அச்சிட்ட வரைபடம் இதைக் கற்பிக்காது. காகிதத்தை மாணவரே திருப்பிக்கொள்வார்.

கன்னியாகுமரி ஊருக்குள் மட்டும் நிலைமை மாறுகிறது. சூரிய உதயமும் அத்தமனமும் பார்க்கவென்றே வருகிறவர்களுக்குக் கிழக்கும் மேற்கும் தெரிந்த இடங்கள். கடல் எந்தப் பக்கம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். அங்கே திசை சொல்லும் வழக்கத்தை விடவே வேண்டாம். உதயம் பார்த்த பக்கமாகக் கடலோரம் நடங்கள், படகுத் துறை வரும் என்று எளிய ஆங்கிலத்தில் சொன்னால் எவருக்கும் புரியும். நாஞ்சில் வழக்கம் ஆங்கிலத்துக்குத் தடை என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அது தடையில்லை, முதல்.

உரையாடலின் அமைப்பிலும் பாடநூல் ஒன்றைத் தவறவிடுகிறது. வுண்டர்லிஷும் ரைனெல்ட்டும் 1982இல் வழிகாட்டும் பேச்சை நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள்: தொடங்குதல், வழி சொல்லுதல், உறுதிசெய்தல், முடித்தல். பாடநூல் உரையாடல்களில் மூன்றாவது கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டவர் உடனே நன்றி சொல்லிவிடுகிறார். இங்கே பேச்சின் கனமே மூன்றாவது கட்டத்தில்தான். ‘வெளங்கிச்சா? வேப்பமூட்டுல எறங்கி யார்ட்டயும் கேளுங்க, சொல்லுவாவ.’ முழு வழியையும் ஒருவரே சொல்லி முடிக்காமல், அடுத்த சந்திப்பு வரை கொண்டுவிட்டு அங்கே நிற்பவரிடம் ஒப்படைக்கும் முறை இது. இரு தரப்புக்கும் மொழி அரைகுறையாக இருக்கும்போது இதைவிடச் சிறந்த முறை இல்லை. நினைவில் வைக்க வேண்டியது குறைகிறது, பிழை நேர்ந்தாலும் அடுத்த சந்திப்பிலேயே திருந்திவிடுகிறது. இறங்கி அங்கே இன்னாரைக் கேளுங்கள் என்ற வாக்கியத்தை ஆங்கிலத்தில் சரளமாகச் சொல்லத் தெரிந்த மாணவர், பத்துத் திருப்பங்களை ஒப்பிக்கும் மாணவரைவிட வந்தவருக்கு அதிகம் உதவுவார்.

போக்குவரத்துச் சொற்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. நடத்துநரின் ‘ரைட்’டுக்குப் புறப்படு என்று பொருள், நாகர்கோவில்–திருநெல்வேலி ‘எண்ட் டு எண்ட்’ பேருந்து உள்ளூரில் எல்லாருக்கும் தெரிந்தது. வெளியூரார்க்கு இவை விளங்க, நடுவில் எங்கும் நிற்காது என்று விரித்துச் சொல்லப் பழக்க வேண்டும். பேருந்திலிருந்து இறங்குவதற்கு இந்தியர் சொல்லும் ‘கெட் டவுன்’ பாடநூல் ஆங்கிலம் ஆகாது என்று அடித்துத் திருத்துவது வீண். கேட்பவரும் அதையே பேசுகிறார்.

இவற்றையெல்லாம் வகுப்பில் செயலாக்க அயல்நாட்டு மாதிரி தேவையில்லை. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடத்திய பெங்களூர்த் திட்டத்தில், வரைபடங்களும் ரயில் கால அட்டவணைகளும் பாடப்பொருளாயின. இலக்கணத்தை நேராகக் கற்பிக்காமல், யோசித்து விடை காண வேண்டிய பணியைக் கொடுத்தார்கள். மொழி அந்த யோசனையோடு வந்தது. 1987இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் பணிவழிக் கற்பித்தலின் மூலநூல்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இங்கே பிறந்த ஒன்று குமரிப் பள்ளிகளில் இன்று பேசப்படாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

பிரபுவின் முறைக்கு நாகர்கோவிலைவிடப் பொருத்தமான ஊரைத் தேட வேண்டாம். 1979இல் திருவனந்தபுரத்திலிருந்தும் 1981இல் திருநெல்வேலியிலிருந்தும் இருப்புப்பாதை வந்து சேர்ந்த ஊர் இது. இன்று கோட்டாற்றில் சந்திப்பு நிலையம், அதுபோக டவுன் நிலையம். சந்திப்புக்குள் நுழையாமல் டவுன் வழியாகவே போய்விடும் வண்டிகளும் உண்டு. பேருந்து நிலையங்களும் இரண்டு, வடசேரியும் அண்ணா நிலையமும். குலசேகரத்திலிருந்து ஒரு வங்காளக் குடும்பம் பேருந்தில் வருகிறது. மாலையில் அவர்களுக்கு ரயில். பயணச் சீட்டில் எந்த நிலையத்தின் பெயர் இருக்கிறது? பேருந்து எங்கே நிற்கும்? அங்கிருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்தா ஆட்டோவா, வேப்பமூட்டு நெரிசலுக்கு எவ்வளவு நேரம் விட வேண்டும்? பெரியவர் ஒருவரால் படியேற முடியாது என்றால் எது மாறும்? எட்டாம் வகுப்பு மாணவர் நால்வருக்கு இந்தக் கேள்விகளும் ஒரு கால அட்டவணையும் போதும். விடையைத் தமிழில் பேசி முடிவு செய்யட்டும். குடும்பத்தாராக நடிக்கும் நான்கு மாணவரிடம் ஆங்கிலத்தில் சொல்லட்டும். கேட்டவர்கள் திரும்பச் சொல்வது சரியாக இருந்தால் சொன்னவர்களுக்கு மதிப்பெண்.