சாவோ தோமே அரசுப் பண்ணைகள்: கொக்கோவும் உணவுப் பயிர்களும்

கினி வளைகுடாவில் நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள சாவோ தோமே, பிரின்சிப்பி தீவுகளுக்கு 1822இல் பிரேசிலிலிருந்து கொக்கோ வந்தது. எரிமலை மண்ணிலும் ஓயாத ஈரத்திலும் மரம் செழித்து, 1913இல் ஏற்றுமதி ஏறத்தாழ 36,000 டன்னை எட்டியது. அந்த விளைச்சலைத் தந்தது அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கூலிகளின் உழைப்பு. அடிமைமுறை 1875இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் அவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பவே இல்லை. அதனால்தான் 1909இல் காட்பரி போன்ற ஆங்கிலேய நிறுவனங்கள் இத்தீவுக் கொக்கோவை வாங்க மறுத்தன. பெருந்தோட்டங்களில் நிலம் ஏற்றுமதிப் பயிருக்கு, கூலியாளுக்கு அளந்து தரும் உணவு. இந்த ஏற்பாட்டை அப்படியே சுமந்ததுதான் பின்னாளைய அரசுப் பண்ணைகள் இரு பயிரிலும் சறுக்கியதற்கு முதற்காரணம்.

1975 ஜூலையில் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை கிடைத்தது. செப்டம்பர் 30 அன்று தோட்டங்கள் நாட்டுடைமையாகி, பின்னர் 15 அரசு நிறுவனங்களாகத் தொகுக்கப்பட்டன. கொக்கோ விளைச்சலை மீட்பது, உணவு இறக்குமதியைக் குறைப்பது என்ற இரண்டு இலக்குகளும் நியாயமானவை, ஒன்றுக்கொன்று பகையுமல்ல. கொக்கோ இளங்கன்றுக்கு முதல் சில ஆண்டுகள் நிழல் வேண்டும். அதை வாழை தரும். இடைவெளியில் சேம்பு விளையும். பிறகு கல்யாண முருங்கை இனத்து மரங்கள் நிழலையும் தழைச்சத்தையும் தரும். ஆனால் இத்தனைக்கும் ஓயாத கவனிப்பு வேண்டும். கருங்காய் நோய் தொற்றிய காயில் முதலில் காசளவு பழுப்புப் புள்ளி தோன்றும். சில நாட்களில் காய் முழுதும் கறுத்துவிடும். அதை அறுத்து அகற்றாவிட்டால் அதே அடிமரத்தில் தொங்கும் மற்ற காய்களுக்கும் பரவும். கவாத்து செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதக்கூலி ஒன்றே, அந்தக் கூலிக்கு வாங்கக் கடையில் சரக்குமில்லை என்றால், மழையில் அந்தப் புள்ளியைத் தேடி யார் நடப்பார்கள்? விடுதலைக்கு முன் சுமார் 10,000 டன்னாக இருந்த உற்பத்தி 1980களின் நடுவில் ஏறத்தாழ 4,000 டன்னாகச் சுருங்கியது.

போர்த்துகீசிய மேலாளர்கள் வெளியேறியதும், 1980களின் வறட்சியும், விலைச்சரிவும்தான் காரணம் என்பார்கள். அவற்றின் பங்கை மறுக்க முடியாது. மரங்களும் முதிர்ந்திருந்தன, சரிவும் விடுதலைக்கு வெகுமுன்பே தொடங்கியிருந்தது. ஆனால் 1977இல் உலக விலை உச்சத்தில் இருந்தபோதும் உற்பத்தி மீளவில்லை. 1980களின் பிற்பகுதியில் சில பண்ணைகளை வெளிநாட்டு நிறுவனங்களின் நிர்வாகத்தில் விட்டும் பழைய அளவு திரும்பவில்லை. மேலாளர் மாறினார், கூலியாளின் நிலை மாறவில்லை.

1990களில் நிலம் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தரப்பட்டபோது வாழையும் சேம்பும் காய்கறியும் பெருகின, கொக்கோ பெருகவில்லை. இது, கூலியாளின் நிலைதான் காரணம் என்ற வாதத்துக்கு எதிரான வலுவான சான்று. ஆயினும் அப்போது குடும்பங்கள் சரியாகவே கணக்குப் போட்டன: விலை அடிமட்டத்தில் இருந்த பயிருக்கு உழைப்பைச் செலவிடாமல் முதலில் அடுப்பை எரிய வைத்தன. 2000க்குப் பிறகு பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் ஆதரவுடன் இயற்கைவழிக் கொக்கோக் கூட்டுறவு உருவாகி, பிரான்சின் காவோகா நிறுவனம் நல்ல விலைக்கு வாங்கத் தொடங்கியதும், கைவிடப்பட்ட மரங்களுக்கு மீண்டும் கவாத்து நடந்தது. உழவர்கள் ஈரக்கொட்டையைக் கொண்டுவந்து தர, பொதுப் பெட்டிகளில் புளிக்கவைத்து உலர்த்தும் வேலையைக் கூட்டுறவு ஏற்றது. வாழையும் சேம்பும் அதே நிலத்தில் தொடர்ந்தன.