ஆழ்கடல் சூழல் டி.என்.ஏ. ஆய்வு

ஆழ்கடல் சூழல் டி.என்.ஏ. ஆய்வு என்பது கடல்நீரிலும் கடலடிப் படிவிலும் கலந்துள்ள டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அங்கு வாழும் உயிரினங்களைப் பிடிக்காமலேயே அடையாளம் காணும் முறை ஆகும். உயிரினங்கள் செதில், சளி, கழிவு, முட்டை முதலியவற்றின் வழியாகத் தம் உயிரணுக்களைச் சூழலில் விட்டுச் செல்கின்றன. இவ்வணுக்களிலிருந்து கிடைப்பதே சூழல் டி.என்.ஏ. எனப்படுகிறது. பொதுவாக 200 மீட்டருக்குக் கீழுள்ள கடற்பகுதி ஆழ்கடல் எனப்படும்.

தேவை

ஆழ்கடல் உயிரினங்கள் வலை கொண்டே நெடுங்காலம் ஆராயப்பட்டன. விரைந்து நீந்தும் மீன்கள் வலைக்குத் தப்பிவிடுகின்றன. சொறிமுட்டை போன்ற மென்னுடல் உயிரிகள் வலையில் சிதைந்துவிடுகின்றன. சூழல் டி.என்.ஏ. முறைக்குச் சில லிட்டர் நீரே போதுமானது.

செய்முறை

1. கப்பலிலிருந்து இறக்கப்படும் நீர்சேகரிப்புக் குடுவைகள், தேவையான ஆழத்தில் மூடப்படுகின்றன.
2. நீர் நுண்துளை வடிதாளில் வடிக்கப்பட்டு, வடிதாள் உறைநிலையில் பாதுகாக்கப்படுகிறது.
3. டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, குறிப்பிட்ட மரபணுப் பகுதி பாலிமரேசு தொடர்வினை மூலம் பெருக்கப்படுகிறது. மீன்களுக்கு 12எசு, மெய்க்கருவுயிரிகளுக்கு 18எசு ஆகிய பகுதிகள் பயன்படுகின்றன.
4. கிடைக்கும் வரிசைகள் தரவுத்தளத்துடன் கணினியில் ஒப்பிடப்படுகின்றன.

குறைபாடுகள்

தரவுத்தளத்தில் இல்லாத இனத்திற்குப் பெயரிட இயலாது. மேற்பரப்பிலிருந்து மூழ்கும் இறந்த உயிரிகளின் டி.என்.ஏ.வும் ஆழ்கடல் மாதிரியில் கலக்கும். கப்பலிலும் ஆய்வகத்திலும் மாசு சேரக்கூடும் என்பதால், தூய நீரைக் கொண்டு கட்டுப்பாட்டு மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. உயிரிகளின் எண்ணிக்கை, வயது, பால் ஆகியவற்றை இம்முறையால் உறுதியாகக் கூற இயலாது.

இந்தியாவும் ஆழ்கடலும்

மத்திய இந்தியப் பெருங்கடல் வடிநிலத்தில் 75,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பல்லுலோக முடிச்சுகளை ஆராய, பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் இந்தியா 2002இல் ஒப்பந்தம் செய்தது. மாங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட்டு ஆகியவை அடங்கிய இம்முடிச்சுகள் பல மில்லியன் ஆண்டுகளில் உருவாகின்றன. அவற்றின் மீது ஒட்டி வாழும் உயிரினங்களும் உண்டு. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் 'வராகா' ஊர்தி, 2021இல் இப்பகுதியில் 5,270 மீட்டர் ஆழத்தில் சோதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஒப்புதல் பெற்ற ஆழ்கடல் திட்டத்தில் பல்லுயிர் ஆய்வும் ஓர் அங்கமாகும்.

பசிபிக்கின் கிளாரியன்-கிளிப்பர்டன் பகுதியைப் பற்றிய 2023ஆம் ஆண்டு ஆய்வு, அங்கு அறியப்பட்ட சுமார் 5,600 விலங்கினங்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டிற்கு அறிவியல் பெயரே இல்லை எனக் கண்டது. சுரங்கம் தோண்டும் முன் அங்கு வாழ்பவை எவை எனப் பதிவு செய்யாவிடில், பின்னர் இழந்தவை எவை என அறிய இயலாது. இவ்வடிப்படைப் பதிவை விரைந்து உருவாக்கச் சூழல் டி.என்.ஏ. உதவும். எனினும், மாதிரி உயிரிகளைச் சேகரித்துப் பெயரிடும் வகைப்பாட்டியலாளரின் பணி இதற்கு இன்றியமையாதது.

இவற்றையும் பார்க்க

- ஆழ்கடல்
- பல்லுயிர் வளம்
- டி.என்.ஏ. வரிசைமுறையாக்கம்