5 வாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

உங்க வீட்டு வராண்டாவுல எரியுற சின்ன எல்இடி பல்பு சுமார் 5 வாட் இழுக்கும். அதே 5 வாட்டை வெச்சுக்கிட்டு அம்பத்தூர் மொட்டை மாடியிலிருந்து ஐரோப்பாவைக் கூப்பிட முடியுமா? முடியும். இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

ஹாம் ரேடியோ தெரியும் இல்லையா? பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் உலகத்தோடு பேசுற பொழுதுபோக்கு. இதில் போட்டிகளும் உண்டு. 'சிக்யூ வேர்ல்டு வைடு' போட்டியில் உலகத்தை 40 மண்டலங்களாகப் பிரிச்சிருக்காங்க. 48 மணி நேரத்தில் எத்தனை பேர், எத்தனை நாடு, எத்தனை மண்டலம் என்பதுதான் கணக்கு. பெரிய ஸ்டேஷன்கள் 1,500 வாட் வரை போகும். 5 வாட்டைத் தாண்டாதவர்களுக்குத் தனிப் பிரிவு: க்யூஆர்பி. தந்திக்காரர்களின் சங்கேதத்தில் 'பவரைக் குறை' என்று அர்த்தம்.

நம்ம ஊர் வானொலிக் கதையே குறைந்த பவரில்தான் தொடங்குது. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்'பை ஆரம்பிச்சார். ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட், அந்தக் கால டியூப்லைட் அளவு! பணத் தட்டுப்பாட்டால் 1927-ல் அது நின்னுபோச்சு. பிறகு மாநகராட்சி எடுத்துக்கிட்டு, 1930-ல் மறுபடி தொடங்கியது. இன்னைக்கு எங்க பக்கத்து ஆவடியில் ஆகாசவாணி டிரான்ஸ்மிட்டர்கள் கிலோவாட் கணக்கில் பேசுது.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, அமெரிக்காவில் 1912-ல் ஒரு சட்டம் வந்தது. அமெச்சூர்களை 200 மீட்டருக்குக் கீழான அலைநீளங்களுக்குத் தள்ளிவிட்டாங்க. தூரம் போகாது, உபயோகமில்லைன்னு நினைச்ச இடம் அது. 1921-ல் பால் காட்லி என்பவர் ரிசீவரோட கப்பலேறி, ஸ்காட்லாந்தின் ஆர்ட்ராசன் கடற்கரைக்குப் போனார். குளிரில், கூடாரத்துக்குள்ள உட்கார்ந்து, அட்லாண்டிக் தாண்டி வந்த அமெச்சூர் சிக்னல்களைப் பிடிச்சார். கவனிங்க, அவர் அங்கே எதையும் அனுப்பலை. கேட்க மட்டும்தான் போனார். 1923-ல் அட்லாண்டிக்கின் இரு கரை அமெச்சூர்களும் நேரடியாகவே பேசிக்கிட்டாங்க. ஒதுக்கிவிட்ட இடம் பொக்கிஷமாயிடுச்சு.

இந்தியாவில் க்யூஆர்பி பெரும்பாலும் ஆசை இல்லை, கட்டாயம். வெளிநாட்டு ரேடியோ வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் 2000-களில் ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற ரேடியோவை வடிவமைச்சார். நம்ம ரிச்சி தெரு மாதிரி கடைகளில் கிடைக்கிற பாகங்களே போதும். ஒரு வெர்ஷனில் காயில் சுத்தறதுக்குத் தண்ணிக் குழாய் வாஷர்! பவர் சுமார் 6 வாட். அவரும் சாஃப்ட்வேர்காரர்தான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

சரி, இப்போ என் கதை. நவம்பரில் நடக்கும் மோர்ஸ் போட்டி. குரலைவிட மோர்ஸ் குறுகலான சிக்னல், சின்ன பவரிலும் தெளிவா போய்ச் சேரும். என் ஆன்டெனா, தண்ணித் தொட்டியிலிருந்து மாடிச் சுவர் வரை கட்டின ஒரு ஒயர். சனிக்கிழமை முழுக்கக் கூட்டத்தோட கூட்டமாக் கூப்பிட்டேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. என் ரேடியோ 10 வாட் வரை போகும். கை தானா குமிழுக்குப் போச்சு. யாருக்குத் தெரியப்போகுது?

அப்புறம் கணக்குப் போட்டேன். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இழப்பு 13 டெசிபல். ரிசீவர் மீட்டரில் சுமார் ரெண்டு புள்ளி. 5-ஐ 10 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபல், அரைப் புள்ளி. அரைப் புள்ளிக்காகவா பொய் லாக் அனுப்பறது? பிரச்சினை பவர் இல்லை, நேரம்.

நம்ம மண்டலம் 22. இந்தியா, இலங்கை, நேபாளம் எல்லாம் இதில்தான். ஆட்கள் குறைவு. ஐரோப்பியருக்கு இந்த மண்டலம் தேவை, ஆனால் முதல் நாள் நெரிசலில் நம்ம குரல் கேட்காது. ரெண்டாம் நாள் ஆள் கிடைக்காம வெறும் வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கிட்டிருப்பாங்க. அதிலும் நம்ம மதியம் அவங்களுக்குக் காலை; ஆன்டெனா கிழக்கே திரும்பியிருக்கும். அமெரிக்கா விழிச்சதும் மேற்கே திருப்பிடுவாங்க. அந்த இடைவெளிதான் நமக்கு.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணி. 15 மீட்டர் பேண்ட். பாதி நேரம் பக்கத்து வீட்டு எல்இடி இரைச்சல்தான் காதுல. திடீர்னு தெரு முழுக்க கரண்ட் போச்சு. கீழே அம்மா திட்டுறாங்க, எனக்கோ சொர்க்கம்! நான் பேட்டரியில் ஓடுறேன், இரைச்சல் அப்படியே அடங்கிப்போச்சு. அதுவரை இல்லாத ஒரு மெல்லிய சிக்னல் கேட்டது, ஸ்லோவேனியா. பதிலுக்கு யாரும் இல்லாம கூப்பிட்டுக்கிட்டிருந்தார். என் அழைப்புக்குறியை ஒரு தடவை அனுப்பினேன். பாதிதான் புரிஞ்சுது அவருக்கு. விடாம மூணு தடவை திருப்பிக் கேட்டு வாங்கிக்கிட்டார்.

கரண்ட் வர்றதுக்குள்ள இன்னும் ஆறு பேர். மொத்த ஸ்கோர் சொல்லிக்கிற மாதிரி இல்லை. ஆனா லாக்ல '5 வாட்'னு எழுதும்போது கை தயங்கலை.

காட்லி கூடாரத்தில் செஞ்சதும் இதுதானே? முதல்ல கேட்கிறது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே. ஹாம் பாஷையில சொன்னா, 73!