வெட்டப்படாத ஒரு கால்



சென்ற வாரம் அறிவியல் பாடத்தில், பல்லி தன் வாலைத் துண்டித்துத் தப்பிப்பதைக் கற்பித்துக் கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், தாத்தாவுக்கு இனிப்பு நீர். காலை வெட்டணும்னு சொல்றாங்க. தாத்தாவுக்கும் திரும்ப முளைக்குமா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2003ஆம் ஆண்டு, நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்று வந்தபோது, என் தந்தையாரின் இடக்கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. ஒப்புதல் தாளில் கையொப்பமிட்டவள் நான். வேறு வழி உண்டா என்று கேட்க வேண்டும் என்பதே எனக்கு அன்று தெரியாது.

வேறு வழி ஒன்று, அதற்கு 39 ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்டிருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கு எழுத விழைகிறேன்.

காலை அகற்றும் சிகிச்சை மிகத் தொன்மையானது. 16ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அம்புருவாஸ் பாரே, வெட்டிய இடத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவதற்கு மாறாக, இரத்தக் குழாய்களை நூலால் கட்டினார். 1846இல் மயக்க மருந்து வந்தது. வலி குறைந்தது, ஆனால் இரத்தம் ஓடாத காலுக்கு வெட்டுவதே முடிவாக இருந்தது. தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகும்போது, பாதத்துக்கு உயிர்வளி சென்று சேர்வதில்லை. சிறு புண்ணும் ஆறுவதில்லை, விரல்கள் கறுத்துவிடுகின்றன. 1948இல் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் சிரை நாளத்தையே எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்றுவழி அமைத்தார். அது பெரிய அறுவை. முதியவர் எல்லாராலும் தாங்க இயலாது.

இனி 1964, ஜனவரி 16. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், போர்ட்லண்ட் நகரம். 82 வயது மூதாட்டி ஒருவரின் பாதம் அழுகத் தொடங்கியிருந்தது. காலை எடுக்க வேண்டும் என்றனர் மருத்துவர்கள். மூதாட்டியோ மறுத்துவிட்டார். (அந்தப் பிடிவாதம் இல்லையேல் இக்கட்டுரையே இல்லை!) அவரைக் கதிரியக்க மருத்துவர் சார்லஸ் டாட்டரிடம் அனுப்பினர். படம் எடுத்துப் பார்த்தபோது தொடைத் தமனியில் ஒரு சிற்றிடம் மட்டுமே குறுகியிருந்தது. டாட்டர் தமனிக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன் மேல் டெஃப்லான் குழாய்களை ஒன்றைவிட ஒன்று பெரியதாக நுழைத்து, அடைப்பை அகலப்படுத்தினார். கத்தி எடுக்கவில்லை. குளிர்ந்திருந்த பாதம் சூடானது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் அம்மூதாட்டி தம் இரு கால்களாலேயே நடந்து வாழ்ந்து மறைந்தார்.

டாட்டர் விசித்திரமானவர். கிதார் கம்பிகளைக் கொண்டும் கருவி செய்து பார்த்தவர், மலையேறுபவர். சக மருத்துவர்கள் அவரைக் கிறுக்கர் என்றே அழைத்தனர். படம் மட்டும் எடுங்கள், சரிசெய்ய முயலாதீர்கள் என்று ஓர் அறுவை மருத்துவர் சீட்டிலேயே எழுதி அனுப்பினாராம். ஒன்பது நோயாளிகளின் பதினொரு கால்களைப் பற்றி மெல்வின் ஜட்கின்சுடன் இணைந்து 1964இலேயே அவர் கட்டுரை வெளியிட்டும், சொந்த நாட்டில் செவிசாய்த்தோர் சிலரே. ஐரோப்பியரே அம்முறையைப் போற்றி வளர்த்தனர். 1974இல் சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் அக்குழாயின் முனையில் சிறு பலூனைப் பொருத்திக் கால் தமனியை விரித்தார். 1977இல் இதயத் தமனியையும் விரித்தார். இன்று நம் குடும்பங்களில் பலரும் அறிந்த 'பலூன் வைப்பது' இதுதான். இதயத்துக்கு வைப்பதை அறிவோம். அது முதலில் காலுக்காகத்தான் பிறந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

எல்லாக் கால்களையும் இதனால் காப்பாற்ற இயலாது. நீரிழிவு நோயாளிகளுக்குப் பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள நுண்ணிய தமனிகளே அடைபடுகின்றன. தொற்று மேலேறிவிட்டால் உயிரைக் காக்கக் காலை எடுத்தே ஆக வேண்டும். என் தந்தையார் எந்த நிலையில் இருந்தார் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அவருக்குத் தமனிப் படம் எடுத்ததாக எனக்கு நினைவில்லை.

அன்று பள்ளி முடிந்ததும் மாணவியின் தாயாரை அழைத்தேன். "இரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள் அம்மா" என்றேன். அவர் அந்தச் சொற்களை அப்படியே மகளின் பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். வரும் வியாழக்கிழமை தாத்தாவுக்குப் படம் எடுக்கிறார்கள்.