விண்டோஸ் காப்புநகல் மென்பொருளும் அதன் கோளாறுகளும்

காப்புநகல் (பேக்கப்) மென்பொருள் என்பது கணினியிலுள்ள கோப்புகளையோ முழு வட்டையோ வேறோர் ஊடகத்தில் நகலெடுத்து வைத்து, மூலம் அழிந்தால் மீட்டுத் தரும் நிரல். விண்டோஸ் கணினிகளில் இது நான்கு கட்டங்களில் பழுதாகிறது: குறித்த நேரத்தில் வேலை தொடங்காது, தொடங்கினாலும் நிழல் நகல் (வட்டின் அக்கணத்து நிலைப்படம்) உருவாகாது, நகலெடுக்கும்போது பாதியில் நின்றுவிடும், முடிந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் மீட்க வராது. பேரிழப்பைத் தருவது இந்த நான்காவதுதான்.

தொடக்க வரலாறு

எம்எஸ்-டாஸ் 2.0 (1983) முதலே பேக்கப், ரெஸ்டோர் என்ற இரு கட்டளைகள் இருந்தன. வன்வட்டிலுள்ளதை ஃபிளாப்பிகளில் வரிசையாக எழுதுவது முதலாவது. திரும்ப எடுப்பது இரண்டாவது. டாஸ் 3.3 (1987) இந்த முறையை மாற்றியது. அதன்பின் ஒவ்வொரு ஃபிளாப்பியிலும் எல்லாத் தரவையும் சேர்த்த ஒரு கோப்பும், அதை விளக்கும் கட்டுப்பாட்டுக் கோப்பும் மட்டுமே இருந்தன. ஒரு பதிப்பில் எடுத்த நகலை இன்னொரு பதிப்பின் ரெஸ்டோர் ஏற்க மறுப்பது அக்காலத்தின் பெருந்தொல்லை. நகல் நன்றாக இருக்கும், ஃபிளாப்பியும் நன்றாக இருக்கும்; டாஸ் பதிப்பு பொருந்தாததால் மட்டும் கதவு திறக்காது.

1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6.0 பழைய பேக்கப் கட்டளையைக் கைவிட்டது. முன்பு எடுத்த நகல்களுக்காக ரெஸ்டோரை மட்டும் வைத்துக்கொண்டு, சைமன்டெக் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற எம்எஸ்பேக்கப் நிரலைச் சேர்த்தது. நாடா இயக்கிகளை இது ஆதரிக்கவில்லை. ஆனால் பின்வந்தவை பலவற்றிலும் இல்லாத ஒரு நற்குணம் இதற்கு இருந்தது. முதன்முறை திறந்ததும் பொருத்தச் சோதனை ஒன்றை நடத்தும். இரண்டு ஃபிளாப்பிகளைக் கேட்டு வாங்கி, அவற்றில் எழுதி, மறுபடி படித்து, மூலத்தோடு ஒப்பிடும். அதில் தேறாத கணினியில் எடுக்கும் நகலை நம்ப முடியாது என்று முன்னதாகவே எச்சரிக்கும். வேகத்துக்காக டிஎம்ஏ என்னும் நேரடி நினைவக அணுகலை இந்நிரல் பயன்படுத்தியதால் விண்டோஸ் 3.1இல் இடையகம் போதவில்லை என்ற பிழைச் செய்தி வரும். சிஸ்டம்.ஐஎன்ஐ கோப்பில் டிஎம்ஏ இடையக அளவை 64 என்று ஒரு வரி சேர்த்தால் தீரும்.

விண்டோஸ் என்டி வரிசையில் வந்த என்டிபேக்கப் முதலில் நாடாவுக்கென்றே அமைந்தது, என்டி 4.0இல் நாடா இயக்கி இல்லையென்றால் நகலெடுக்கவே வழியில்லை. விண்டோஸ் 2000 வந்தபோதுதான் வட்டில் பிகேஎஃப் கோப்பாகச் சேமிக்க முடிந்தது. எக்ஸ்பி ஹோம் பதிப்பில் இது தானாக நிறுவப்படவில்லை. குறுந்தட்டின் ஓர் உட்கோப்புறையிலிருந்து தேடி எடுத்து நிறுவ வேண்டியிருந்தது. விஸ்டாவில் என்டிபேக்கப் நீக்கப்பட்டது. பழைய பிகேஎஃப் கோப்புகளைத் திறக்க, மீட்க மட்டுமே உதவும் தனிக்கருவி ஒன்றை மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்டது.

நிழல் நகல் சேவை

எக்ஸ்பிக்கு (2001) முன்பு, வேறொரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை நகலெடுக்க முடியாமல் பேக்கப் தாண்டிப் போய்விடும். அவுட்லுக் திறந்திருந்தால் அஞ்சல் கோப்பு நகலில் இராது. எக்ஸ்பியில் வந்த வால்யூம் ஷேடோ காப்பி சேவை (விஎஸ்எஸ்) இதைத் தீர்த்தது. இதில் பங்காளிகள் மூவர்: நகல் கேட்கும் பேக்கப் நிரல், தரவை ஒழுங்குபடுத்தி எழுதுவதை நிறுத்தி வைக்கும் ரைட்டர், நிழல் நகலை உருவாக்கும் புரொவைடர். ரைட்டர்கள் உறைந்து நிற்க 60 வினாடி, புரொவைடர் வட்டை நிறுத்தி வைக்க 10 வினாடி என வரம்பு உண்டு. மீறினால் முயற்சி முழுவதும் கைவிடப்படும். வட்டில் நெரிசல் மிகுந்த வேளையில் பேக்கப் தோற்று, நள்ளிரவில் அதே பேக்கப் வெற்றி பெறுவது இதனால்தான்.

நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து ‘விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்’ என்று அடித்தால் ஒவ்வொரு ரைட்டரின் நிலையும் தெரியும். நலமாயிருப்பதன் நேரே ‘ஸ்டேபிள்’ என்றும், கடைசிப் பிழை இல்லை என்றும் இருக்கும். ‘ஃபெயில்டு’ என்றோ ‘டைம்டு அவுட்’ என்றோ இருப்பதுதான் குற்றவாளி. அதற்குரிய சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும்: டபிள்யூஎம்ஐ ரைட்டருக்கு விண்டோஸ் மேனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன், சிஸ்டம் ரைட்டருக்குக் கிரிப்டோகிராஃபிக் சர்வீசஸ். எஸ்க்யூஎல் சர்வரில் தரவுத்தளப் பெயரின் இறுதியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலே அதன் ரைட்டர் தோற்றுவிடும். விஎஸ்எஸ் நூலகக் கோப்புகளை மறுபதிவு செய்யும் பழைய முறை சர்வர் 2003 காலத்துக்கு உரியது. விஸ்டாவிலும் அதற்குப் பின்வந்த பதிப்புகளிலும் அதைச் செய்யலாகாது.

இரண்டு பேக்கப் நிரல்கள் ஒரே நேரத்தில் நிழல் நகல் கேட்டால் பிந்தியது தோற்கும். நீக்கப்பட்ட நிரல் விட்டுச்சென்ற புரொவைடரும் இடையூறு செய்யும். விண்டோஸ் 7 அமைக்கும் 100 எம்பி ‘சிஸ்டம் ரிசர்வ்டு’ பிரிவும் அடிக்கடி தடுக்கும் இடம். 500 எம்பிக்குக் குறைந்த பிரிவில் 50 எம்பியாவது காலியாக இராவிட்டால், சி டிரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும் முழுவட்டு நகல் எடுபடாது.

பிற காரணங்கள்

வேலை தொடங்கவே இல்லையெனில் டாஸ்க் ஷெட்யூலரைப் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றியவர் அங்கே சேமித்த பழைய சொல்லை மாற்ற மறந்திருப்பார். அல்லது மடிக்கணினி மின்னிணைப்பில் இருந்தால் மட்டுமே இயக்கு என்ற தெரிவு இடப்பட்டிருக்கும். நகல் 4 ஜிபியில் நின்றால் சேருமிடம் எஃப்ஏடி32 வடிவில் இருப்பதே காரணம். மூலவட்டில் பழுதுற்ற பகுதி இருந்தால் படிப்புப் பிழை வரும். அப்போது வட்டைச் சோதிக்கும் செக்டிஸ்க் கருவியை ஓட்டுவதற்கு முன் முக்கியக் கோப்புகளைக் கையாலேயே வெளியே எடுத்துவிட வேண்டும். சாகும் தறுவாயிலுள்ள வட்டு அந்த நெடுஞ்சோதனையைத் தாங்காமற்போகலாம்.

ஓசையற்ற தோல்வி

நகல் இல்லை என்பது மீட்கும்போதுதான் தெரியவரும் இவ்வகைத் தோல்விக்குப் பொதுவெளியில் முழுமையாக ஆவணமான சான்று விண்டோஸுக்கு வெளியே கிடைக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்தார். நாளாந்தக் காப்புநகலைத் தேடினால் சேமிப்பகம் வெறுமையாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6, நகலெடுத்த கருவியோ 9.2 பதிப்பு. பதிப்பு பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் அது பிழையுடன் நின்றிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் கையொப்பமின்றி அனுப்பப்பட்டதால் பெறும் சர்வர் அவற்றை நிராகரித்துவிட்டது. ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் வேறொரு தேவைக்காகக் கைமுறையாக எடுத்திருந்த வட்டுப்படம்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போனது போனதுதான். எனவே காப்புநகல் இயங்குகிறது என்பதற்கு மின்னஞ்சலோ பச்சைக் குறியோ ஆதாரமாகாது. வேறொரு கணினியில் சில கோப்புகளையாவது மீட்டுத் திறந்து பார்ப்பது ஒன்றே சோதனை.

இன்றைய நிலை

விண்டோஸ் 8 கோப்பு வரலாறு வசதியைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 10இல் விண்டோஸ் 7இன் பழைய காப்புநகல் கருவியும் தொடர்ந்தது. கணினியைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சுநிரல்கள் முதலில் நிழல் நகல்களை அழிப்பதால் அவற்றை மட்டும் நம்புவது போதாது. விண்டோஸ் 11இன் பேக்கப் செயலி ஒன்டிரைவைச் சார்ந்தது. அதன் இலவச இடம் 5 ஜிபி, அது நிறைந்ததும் புதிய கோப்புகள் மேலேறுவது நின்றுவிடும்.