காருக்குள் இருக்கும் மேப்புக்கு என்ன வயசு?

நாக்பூரிலிருந்து சேலம் பக்கம் காரில் போய்வரும் தமிழ்க் குடும்பங்கள் நாலு பேர் சந்தித்தால் போதும், பேச்சு ரோட்டுக்கு வந்துவிடும். ராத்திரி எங்கே தங்கினீர்கள், எந்த டோலில் கூட்டம், ஹைதராபாத் தாண்டி எங்கே உருப்படியான இட்லி கிடைத்தது... இப்போது இதில் இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சார், காரோடு வந்த நேவிகேஷன் மேப்பை அப்டேட் பண்ண சில ஆயிரம் கேட்கிறார்கள். பண்ணலாமா, வேண்டாமா?"

பேங்க்காரனிடம் கேட்டால் பதில் கணக்கில்தான் வரும். ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரியாமல் கணக்குப் போட முடியாது. அதற்குக் கொஞ்சம் சரித்திரம் வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் பதில் உண்டு.

நம் நாட்டின் மாபெரும் நில அளவை 1802 ஏப்ரல் 10 அன்று சென்னை பரங்கிமலைப் பக்கம் தொடங்கியது. வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்தார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாகத் தென்னிந்தியா முழுவதும் பரவினார்கள். அவர் வைத்திருந்த தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-ல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது மோதிச் சேதமாகிவிட்டது. மனுஷன் தானே உட்கார்ந்து அதைச் சரிசெய்தார். 1823-ல், வேலை முடியும் முன்பே, ஹிங்கண்காட்டில் இறந்துபோனார். ஆமாம், நாம் ஊருக்குப் போகும் வழியில் வருகிற அதே ஹிங்கண்காட்தான். கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நாம் இரண்டு நாளில் ஓட்டிவிடும் தூரத்தை அவர் இருபது வருஷம் அளந்துகொண்டே வந்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேப்பில் காகிதமும் மையும் மலிவு. களத்தில் போய்ப் பார்ப்பதுதான் செலவு. ஆனால் லாம்டனுக்கு ஒரு வசதி இருந்தது. மலை நகராது. ஒருமுறை அளந்தால் பல தலைமுறைக்குப் போதும். கார் மேப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ரோடு மாறிக்கொண்டே இருக்கும்.

கார் மேப்பின் கதையைப் பாருங்கள். 1981-ல் ஜப்பானில் ஹோண்டா 'எலக்ட்ரோ கைரோகேட்டர்' என்று ஒரு கருவியைக் கொண்டுவந்தது. ஜிபிஎஸ் கிடையாது. மேப் அச்சடித்த கண்ணாடித்தாளைத் திரைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். கார் எவ்வளவு தூரம் ஓடியது, எந்தப் பக்கம் திரும்பியது என்று கணக்கிட்டு ஒரு புள்ளி நகரும். மேப் பழசானால் வேறு தாள்! 1985-ல் கலிஃபோர்னியாவில் ஈடாக் என்ற கம்பெனி மேப்பைக் கேசட்டில் கொடுத்தது. ஆமாம், நாம் இளையராஜா பாட்டு கேட்ட அதே மாதிரி கேசட். 1990-ல் மஸ்தாவின் யூனோஸ் காஸ்மோ காரில் ஜிபிஎஸ் வந்தது. பிறகு சிடி, டிவிடி, ஹார்ட் டிஸ்க், எஸ்டி கார்டு. 2000 மே மாதம், பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை அமெரிக்க அரசு நிறுத்தியது. அதன் பிறகுதான் புள்ளி நம் ரோட்டின் மேல் ஒழுங்காக உட்கார ஆரம்பித்தது.

இந்தியாவில் கதை வேறு. கடலோர, எல்லையோரப் பகுதிகளின் விரிவான மேப்புகள் பாதுகாப்புக் காரணம் சொல்லி வெகுகாலம் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் இருந்தன. 2005-ல் தேசிய மேப் கொள்கை வந்து, ராணுவத்துக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தது. 2021 பிப்ரவரியில்தான், இந்திய நிறுவனங்கள் முன் அனுமதி வாங்காமல் அளக்கலாம், மேப் செய்யலாம் என்று மத்திய அரசு கதவைத் திறந்தது. இதற்கு நடுவில் 1995-ல் டெல்லியில் தொடங்கிய, இன்று மேப்மைஇந்தியா என்று நமக்குத் தெரிந்த நிறுவனம், தானே தெருத்தெருவாக ஆள் அனுப்பி மேப் செய்தது. இந்தியாவில் விற்ற பல கார்களின் திரையில் ஓடுவது அவர்கள் மேப்தான்.

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

2017-18 முதல் வருமான வரி விதிகளில் காருக்குப் பொதுவான தேய்மானம் 15 சதவீதம், கணினிக்கும் மென்பொருளுக்கும் 40 சதவீதம். பி.காம். படித்தவர்கள் மனசுக்குள்ளேயே போட்டுவிடுவார்கள். 100 ரூபாய் கார் மூன்று வருஷம் கழித்து ஏட்டில் 61 ரூபாய். 100 ரூபாய் மென்பொருள் வெறும் 22 ரூபாய். காருக்குள்ளேயே இருந்தாலும் மேப் காரைவிட வேகமாகக் கிழடாகிறது.

மேப் கம்பெனிகளுக்கே இந்தத் தேய்மானம் நேர்ந்தது. நாவ்டெக் என்ற மேப் கம்பெனியை 8.1 பில்லியன் டாலருக்கு வாங்க 2007-ல் நோக்கியா ஒப்பந்தம் போட்டது. 2009 அக்டோபரில் கூகுள், திருப்பத்துக்குத் திருப்பம் வழி சொல்லும் வசதியை அமெரிக்காவில் செல்போனில் இலவசமாகக் கொடுத்தது. அன்றே கார்மின், டாம்டாம் பங்குகள் சடாரென்று விழுந்தன. நோக்கியா தன் மேப் தொழிலை 2015-ல் ஆடி, பிஎம்டபிள்யூ, டைம்லர் மூவருக்கும் விற்றபோது விலை 2.8 பில்லியன் யூரோ. இதைவிடப் பெரிய தேய்மானப் பதிவு வேண்டுமா?

நம் ரோட்டிலேயே பாருங்கள். பல வருஷம் நாம் ஏழாம் நம்பர் நெடுஞ்சாலை என்று சொன்னது 2010 அறிவிப்பில் 44 ஆனது. நாக்பூர்-மும்பை சம்ருத்தி நெடுஞ்சாலை 701 கிலோமீட்டர். ஷிர்டி வரைக்கும் 2022 டிசம்பரில் திறந்தது, 2025 ஜூனில் முழுசாக முடிந்தது. 2019 மேப் உள்ள காரை அதில் ஓட்டினால், திரையில் நாம் பருத்திக்காட்டுக்குள் பறந்துகொண்டிருப்போம். தங்கமணி சிரிப்பார், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் இரவு பதினொரு மணிக்கு, புதிதாக வந்த ஒரு பைபாஸ் முனையில் இது சிரிப்பு இல்லை.

அப்படியானால் செல்போன் மேப் போதும் என்கிறீர்களா? 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசம் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி இடிந்துபோன பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். செல்போன் காட்டிய வழியில் போனார்கள் என்றன செய்திகள். அடைத்துவைக்க வேண்டிய பாலத்தை அடைக்காதது பெரிய குற்றம். ஆனால் நமக்கும் அதில் பாடம் உண்டு. களத்திலிருந்து தகவல் வராவிட்டால் எந்த மேப்பும் பழசுதான், நேற்று அப்டேட் ஆனதாக இருந்தாலும்.

ஆகவே என் பதில் இது.

இலவச அப்டேட் காலம் பாக்கி இருந்தால் ஒன்றையும் விடாதீர்கள். ஊருக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

காசு கேட்டால், முதலில் அந்த மேப் எந்த மாதம் வரைக்கும் சரிபார்த்தது என்று கேளுங்கள். வெளியிட்ட தேதி வேறு, சரிபார்த்த தேதி வேறு. உங்கள் வழியில் சமீபத்தில் திறந்த ஒரு பைபாஸைச் சொல்லி, அது அதில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள்.

காரில் செல்போனை இணைத்துத் திரையில் காட்டும் வசதி இருந்தால், காசு கொடுத்து அப்டேட் தேவையில்லை. கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் முழு வழியையும் போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும்.

அந்த வசதி இல்லாத கார், வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை நீண்ட பயணம் என்றால், ஒரே ஒரு முறை காசு கொடுக்கலாம். காரோடு வந்த நேவிகேஷனுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. பல கார்களில் அது சக்கரம் சுற்றுவதையும் கணக்கில் எடுக்கும். சுரங்கப்பாதைக்குள் ஜிபிஎஸ் போனாலும் புள்ளி நகரும். 1981-ன் அந்தப் பழைய வித்தை இன்னும் சாகவில்லை.

எந்த மேப்பாக இருந்தாலும், திரையில் உள்ள அம்புக்குறியும் ரோட்டோரப் பலகையும் வேறு வேறு சொன்னால் பலகையை நம்புங்கள். அதை நட்டவர் அந்த இடத்துக்கு வந்து நின்று நட்டவர்.